விவரம் தந்தவர்: மகன்

ஜவ்வாது மலை
16.6.2025

காப்பாளர்,
மூளை மாதிரிக் காப்பகம்,
நரம்பியல் ஆய்வு நிலையம், சென்னை.

ஐயா,

நான் இம்மலையிலுள்ள மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியர். தங்கள் காப்பகத்தின் ஜாடிகளில் இருக்கும் மனித மூளைகளைப் படம் பிடித்து, வெட்டுத் துண்டுகளின் நுண்படங்களோடு இணையத்தில் ஏற்றியிருப்பதாகச் செய்தித்தாளில் படித்தேன். ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் விண்ணப்பித்தால் கடவுச்சொல் தருவீர்களாம். ஆனால் பள்ளிக்கூடங்கள் மட்டும் தபாலில்தான் விண்ணப்பிக்க வேண்டுமாம். மூளையை இணையத்தில் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு ஒரு படிவத்தை ஏற்றத் தெரியவில்லை. இருக்கட்டும்.

எனக்கு வேண்டியது குடியால் கெட்டுப்போன மூளை. அது ஒன்று போதும். பத்து வருடங்களாக இந்த மலையில் மதுவுக்கு எதிராகப் பேசி வருகிறேன். வாயால் சொன்னால் இவர்களுக்கு ஏறுவதில்லை. ஒரு குடிகாரனின் தலைக்குள் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று ஸ்மார்ட் போர்டில் பெரிதாகக் காட்டினால் பன்னிரண்டாம் வகுப்பாவது தப்பிக்கும்.

படிவத்தைக் கையால் நிரப்பி, பள்ளி முத்திரையுடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ரா. விஜயராஜ்


சென்னை
24.6.2025

அண்ணா,

ஐயா இல்லை, நான்தான். உன் தங்கை கோகிலவாணி. பள்ளிகளிலிருந்து வரும் விண்ணப்பமெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஆறு வருடமாக என் போன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். கடைசியில் உன் பள்ளிக்கூட முத்திரையே உன்னை என்னிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

நீ கொஞ்சமும் மாறவில்லை. குடிகாரனின் தலைக்குள் என்ன மிஞ்சும் என்ற இதே பேச்சைத்தான் நைனா செத்த அன்றும் பேசினாய். இங்கே, எங்கள் நிலையத்தைச் சேர்ந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான். மூளையை ஆய்வுக்குத் தருவீர்களா என்று டாக்டர் கேட்டார். "இன்னா வேணா எடுத்துக்கோங்க சார், உள்ள சாராயம்தான் இருக்கும்" என்றாய். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். நீ உன் சட்டையில் பட்ட தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாய்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். பெயரைக் கட்டத்துக்குள் எழுதச் சொல்லியிருக்கிறோம். உன் எழுத்து மூன்று இடத்தில் கட்டத்தைத் தாண்டி ஓடியிருக்கிறது. கையெழுத்து அடுத்த வரியில் போய் முட்டுகிறது. உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதை வைத்தே என்னை எத்தனை முறை மட்டம் தட்டியிருக்கிறாய். படிவத்தை பஸ்ஸில் உட்கார்ந்து நிரப்பினாயா? பதிலைக் கையாலேயே எழுது. டைப் செய்து அனுப்பாதே.

இன்னொன்று. எங்களிடம் பக்கவாதம் இருக்கிறது, கட்டி இருக்கிறது, மறதி நோய் இருக்கிறது. வேண்டிய மட்டும் எடுத்துக்கொள். குடி வரிசையை மட்டும் விட்டுவிடு. காரணம் கேட்காதே.

வாணி


ஜவ்வாது மலை
1.7.2025

வாணி,

ஜாடி கழுவப் போனவளுக்கு மேசை கொடுத்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. வாழ்த்துகள். இந்தக் கடிதம் உன் ஆபீஸுக்கு, உனக்கு இல்லை. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

பஸ்ஸில் எழுதவில்லை. என் வீட்டில், என் மேசையில், பட்டப்பகலில் எழுதினேன். என் கையெழுத்துக்கு மார்க் போட நீ யார்?

வராந்தாவில் நான் சொன்னதை ஆறு வருடம் கழித்துக் குத்திக் காட்டுகிறாய். சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன். நீ பட்டணத்து ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாய். கூட இருந்து பார்த்தவன் நான். நடந்தால் தள்ளாட்டம், பேசினால் குழறல், சோற்றைப் பிசைந்தால் பாதி தரையில். என் கல்யாணத்தில், சந்தவாசலிலிருந்து வந்த சம்பந்திகள் முன்னால் தாம்பூலத் தட்டைக் கவிழ்த்தார். "இன்னா மாப்ள, உங்க நைனா காலைலயே ஆரம்பிச்சுட்டாரா?" என்று என் மாமனார் கேட்டார். நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

அவர் குடிக்கவே இல்லை என்று சாதித்தார். சரி, சத்தியம் செய் என்று ஊர் கூடியது. காளியம்மன் கோயில் முன்னால் ஊர்த்தலைவர் நாட்டார் சின்னராஜ் தட்டில் கற்பூரம் ஏற்றி, "குடிக்கலன்னா கையால அணைச்சுட்டுப் போ ராஜாக்கண்ணு" என்றார். பொய் சொல்கிறவன் கைக்குக் கற்பூரம் அகப்படாது என்பது நம் ஊர்க் கணக்கு, உனக்கே தெரியும். நைனா கையை ஓங்கினார். தட்டு விளிம்பில் பட்டது. மறுபடி ஓங்கினார். மண்ணில் பட்டது. மூன்றாம் முறை தட்டே கவிழ்ந்து, கற்பூரம் தரையில் எரிந்துகொண்டே கிடந்தது. முதலில் சிரித்தவன் நான்தான். அதற்காக நான் வெட்கப்படவில்லை. சாமி முன்னால் நின்று பொய் சொல்கிறவரைப் பார்த்துப் பின்னே என்ன செய்வது.

பத்து நாள் கழித்து, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று ஊருக்குக் காட்டப் புளி உலுக்க மரம் ஏறினார். விழுந்தார். அன்றைக்கும் போட்டுக்கொண்டுதான் ஏறியிருப்பார்.

குடி வரிசைதான் எனக்கு வேண்டும். தர முடியாதென்றால் உன் மேலதிகாரியின் பெயரை எழுது.

விஜயராஜ்


சென்னை
10.7.2025

அண்ணா,

மேலதிகாரிக்கு எழுதிச் சிரமப்பட வேண்டாம். முத்திரையோடு வந்த விண்ணப்பத்தை மறுக்க எனக்கு அதிகாரமில்லை. கடவுச்சொல் தனித்தாளில் இருக்கிறது. ஓராண்டுக்குச் செல்லும். படங்களை வகுப்பில் காட்டலாம், பிரதி எடுக்கக் கூடாது.

குடி வரிசையில் பதினோரு மாதிரிகள். வகுப்பில் காட்டுவதற்கு முன்னால் எண் 417ஐ நீ தனியாகத் திறந்து பார். எங்கள் பதிவில் யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் அந்தப் பதிவு உனக்குப் புரியும். அதில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது. ஏப்ரலிலேயே திருத்தச் சொல்லிக் கமிட்டிக்கு எழுதினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி, சமோசா தின்றுவிட்டு, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று எழுந்து போகிற கமிட்டி அது.

தனியாகப் பார். கேட்டுக்கொள்கிறேன்.

வாணி


ஜவ்வாது மலை
19.7.2025

வாணி,

தனியாகப் பார் என்று சொன்னால் நான் வகுப்பையே கூட்டிவைத்துப் பார்ப்பேன் என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறாய்.

அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வகுப்பையும் வரச் சொல்லியிருந்தேன், அவர்கள் சுவரோரம் நின்றார்கள். குடி என்று தேடினேன், 417 என்று தட்டினேன். போர்டு முழுக்க ஒரு மூளை வந்தது. விரலை வைத்துத் திருப்பினால் அதுவும் திரும்பியது. பின்பக்கம், கீழே, சிறுமூளை இருக்க வேண்டிய இடம் வற்றிப்போய்ச் சுருங்கிக் கிடந்தது. "பாருங்கடா, குடிச்சா இதுதான் கெதி" என்றேன். பிறகு கீழேயிருந்த விவரத்தைச் சத்தமாக வாசித்தேன். ஆண். வயது 56. ஜவ்வாது மலை. விவசாயி. புளிய மரத்திலிருந்து விழுந்து இறப்பு, பிப்ரவரி 2019. குடி: தினமும், இருபது ஆண்டுகள். விவரம் தந்தவர்: மகன்.

நடுவில் நிறுத்தியிருக்கலாம். வாசிக்க ஆரம்பித்ததைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

வகுப்பில் பாதிப்பேர் நம் ஊர், மீதிப்பேர் பக்கத்து ஊர். அந்த வருடம் புளிய மரத்திலிருந்து விழுந்து செத்தவர் யார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், இது உங்க நைனாங்களா?" நான் போர்டை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். வாசற்படியில் கால் தடுக்கியது. அதற்கும் சிரித்தார்கள்.

உயிரோடு இருந்தபோது ஊர் நடுவில் என் மானத்தை வாங்கினார். செத்து ஆறு வருடம் கழித்து, ஜாடிக்குள் உட்கார்ந்துகொண்டு வாங்குகிறார். அதற்குக் கணினி வேறு, கடவுச்சொல் வேறு. இதற்குத்தான் பழிவாங்கக் காத்திருந்தாயா? அந்தப் படத்தை எடுத்துவிடு. இல்லையென்றால் அந்தக் கடைசி வரியையாவது எடு.

விஜயராஜ்


சென்னை
28.7.2025

அண்ணா,

கடைசி வரியைத்தான் எடுக்கச் சொல்கிறாய். அதற்கு முந்தைய வரியைப் பற்றி உனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, இல்லையா?

நைனாவை நினைவில்லாமல் இங்கே சேர்த்தபோது ஒரு பயிற்சி டாக்டர் அட்டையோடு வந்து உன்னிடம் கேட்டார். குடிப்பாரா? "தெனமும் சார்." எத்தனை வருஷமா? "இருபது போட்டுக்கோங்க." இருபது போட்டுக்கொண்டார்கள். மலைக்காரர், தள்ளாடுகிறவர், மரத்திலிருந்து விழுந்தவர், மகனே சொல்லிவிட்டான். அதற்கு மேல் யோசிக்க அந்தப் பெரிய படிப்புப் படித்தவர்களுக்கும் சோம்பல். சிறுமூளை சுருங்கியிருந்ததைப் பார்த்ததும் குடி என்று ஒட்டி ஜாடியை மூடிவிட்டார்கள்.

இந்த வருட ஆரம்பத்தில் பழைய மாதிரிகளை இணையத்தில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. 417 யார் என்று எனக்குத் தெரியும், சம்மதப் படிவத்தில் அந்த எண்தான் இருந்தது. ஒரு வாரம் அதைத் தொடவில்லை. பிறகு வேறு வழியில்லாமல் ஒவ்வொரு துண்டாகப் படம் எடுத்தேன். குடியால் சிறுமூளை கெட்டால் பெரும்பாலும் நடுவில், மேல் பக்கம்தான் முதலில் சுருங்கும். நைனாவுக்கு முழுச் சிறுமூளையும் போயிருந்தது, அதைத் தாங்குகிற மூளைத் தண்டும் மெலிந்திருந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கையைத் தேடி எடுத்தேன். ஈரல் சுத்தமாக இருந்தது என்று எழுதியிருக்கிறது. இருபது வருடம் தினமும் குடித்தவரின் ஈரல் அப்படியா இருக்கும்? உயிரியல் வாத்தியார் நீ, நீயே சொல்.

உறைய வைத்திருந்த ஒரு துண்டை மரபணுச் சோதனைக்கு அனுப்பினோம். மார்ச்சில் முடிவு வந்தது. அது ஒரு நோய், அண்ணா. பரம்பரையாக வருவது. முப்பது நாற்பது வயதுக்கு மேல் மெல்ல ஆரம்பிக்கும். நடை தள்ளாடும், நாக்கு குழறும். ஒன்றைத் தொடக் கையை நீட்டினால் கை அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். கற்பூரம் நைனாவின் கைக்கு அகப்படாமல் போனது அதனால்தான். அவர் சொன்னது உண்மை. மூன்று முறையும் உண்மை.

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஒருமுறை நைனா சாமை மாவு உருண்டை எடுத்துக்கொண்டு என் ஹாஸ்டல் வாசலுக்கு வந்தார். தள்ளாடிக்கொண்டு நின்றார். யார் என்று வாட்ச்மேன் கேட்டார். எங்க ஊர்க்காரர் என்றேன். நைனா காதில் அது விழுந்தது. உருண்டையைக் கொடுத்துவிட்டு, "வர்றேம்மா" என்று போனார். எப்போதும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார்.

இனி நீ இருக்கிற இடத்தில் உட்கார்ந்து படி. இந்த நோய் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான் சோதனை செய்துகொண்டேன். எனக்கு இல்லை. அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஒரு படிவத்தைப் பார்த்தவுடனே உன்னைக் கையால் எழுதச் சொன்னேனே, எதற்கென்று இப்போது புரிந்திருக்கும். உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். வாசற்படியில் கால் தடுக்கியது என்று நீயே எழுதுகிறாய்.

இங்கே வா. ஒரு ஊசி ரத்தம்தான். உனக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்பதை நினைவில் வை.

வாணி


ஜவ்வாது மலை
11.8.2025

வாணி,

உன் கதாகாலட்சேபம் கிடைத்தது. ஆறு வருடம் நுண்ணோக்கிக்குள் குனிந்தவளுக்குப் பார்க்கிற எல்லாமே நோயாகத்தான் தெரியும்.

ஈரல் சுத்தமாம். உன் ஆட்கள் யாருடைய ஈரலைப் பார்த்து யாருடைய அறிக்கையில் எழுதினார்களோ. நான் ஒரு சொட்டுத் தொட்டவனில்லை, ஒரு மாத்திரை தின்றவனில்லை. கால் தடுக்கினால் அது வாசற்படியின் கோளாறு. இந்தக் கடிதம் கோணலாக இருந்தால் பேனா சரியில்லை.

என் மகள் பேச்சை எடுக்காதே. இனி எழுதாதே.

விஜயராஜ்


சென்னை
20.8.2025

அண்ணா,

எழுதாதே என்றாய். இது ஆபீஸ் கடிதம், எழுதித்தான் ஆக வேண்டும்.

கமிட்டி கூடியது. நோயின் பெயரைத் திருத்த ஒப்புக்கொண்டார்கள். ஆனால் குடி பற்றிய வரியில் கை வைக்க மாட்டார்களாம். அது டாக்டர் சொன்னதில்லை, வீட்டார் சொன்னது. சொன்னவரே கைப்பட எழுதிக் கொடுத்தால்தான் மாற்றுவார்களாம். மகள் சொன்னால் செல்லாதா என்று கேட்டேன். விவரம் தந்தவர் மகன் என்றுதான் இருக்கிறது அம்மா என்று எனக்கே வாசித்துக் காட்டினார்கள்.

ஆகவே உலகத்தில் எங்கே இருந்து யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும், நைனா இருபது வருடம் தினமும் குடித்தவர். அதை அழிக்க ஒரே ஒரு ஆளால்தான் முடியும். படிவம் இணைத்திருக்கிறேன். கீழே ஒரு கட்டம் இருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உன் பெயரில் சோதனைக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். நீ வராவிட்டால் அந்த நேரம் வேறு யாருக்கோ போகும், அவ்வளவுதான்.

வாணி


ஜவ்வாது மலை
14.9.2025

வாணி,

இதை நாலு நாளாக எழுதுகிறேன். பேனாவை இரண்டு முறை மாற்றினேன். பேனா மேல் தப்பில்லை.

போன மாதக் கடைசியில் ஊரில் பேச்சு எழுந்தது. மேடையில் ஏறிக் குடிக்காதே என்று கத்துகிற வாத்தியார் மறைவாகக் குடிக்கிறார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார், ஏறுவதில்லை. கரும்பலகையில் எழுதினால் வரி ஏணிமரமாய்ச் சாய்ந்து மேலே ஏறுகிறது. உன் அண்ணி கலைவாணி அலமாரியைத் துழாவினாள். நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு நாட்டார் சின்னராஜிடமிருந்து ஆள் வந்தது. "சும்மா ஒரு வார்த்தைக்குங்க சார், கோயிலாண்ட வந்துட்டுப் போங்க."

நான் போகாமல் இருந்திருக்கலாம். அரசாங்க உத்தியோகஸ்தன், என்னை யார் கட்டாயப்படுத்துவது. நானேதான் போனேன். இந்த முட்டாள்களுக்கு ஒரு பாடம் காட்டிவிட்டு வரலாம் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். உன் கடிதத்தை ஒரு தரம்தான் படித்திருந்தேன். படித்துவிட்டு, இருக்காது என்று முடிவு செய்திருந்தேன்.

அதே தட்டு. விளிம்பில் அதே நெளிவு, நைனா கை பட்டது. கற்பூரம் ஏற்றினார்கள். கையை நீட்டினேன். அது எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது, வாணி. கண்ணுக்கு நேரே எரிகிறது. கை மட்டும் அதைத் தாண்டிப் போய் மண்ணில் உட்கார்ந்தது. இரண்டாம் முறை விளிம்பில் பட்டது. யாரோ சிரித்தார்கள். வீரன் மகன் அருள். என்னிடம் படித்தவன், நான் சொல்லிக் குடியை விட்டவன். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு என்ன தெரியும். அந்த இடத்தில் நின்று நைனாவைப் பார்த்துச் சிரித்தவன் இரண்டு பட்டம் வாங்கியவன், சிறுமூளையின் வேலை என்ன என்று வருடா வருடம் பத்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்கிறவன். அவனை நினைத்தால்தான் எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

மூன்றாம் முறை நான் கையை நீட்டவில்லை. அவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க நைனா குடிக்கல. நானும் குடிக்கல" என்றேன். நாக்கு குழறியது. அதற்கும் சிரித்தார்கள். நைனாவும் அப்படியேதான் சொன்னார், அப்படியேதான் குழறினார். அன்றைக்கு நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். இரண்டு அடிதான்.

22ஆம் தேதி வருகிறேன். திருப்பத்தூரில் ரயில் ஏறுவேன். ஸ்டேஷனில் வந்து நில், படிகளில் எனக்குப் பிடிப்பு வேண்டும். மகள் பிரியதர்ஷினியிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வதென்று நீ சொல்லிக்கொடு, எனக்குத் தெரியவில்லை.

கடவுச்சொல்லை ரத்து செய்யாதே. வந்தபிறகு அதே வகுப்பில் அதே படத்தை மறுபடி திறக்க வேண்டும். நான் வாசித்த தப்பை நானே வாசித்துத் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் அந்த அறுபது பேரும் அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

படிவத்தை நிரப்பி இணைத்திருக்கிறேன். நான் எழுதியது இவ்வளவுதான்:

மாதிரி எண் 417. குடி: ஒரு நாளும் இல்லை. விவரம் தந்தவர்: மகன்.

கடைசி வரியை எடுக்கச் சொல்லியிருந்தேன். எடுக்காதே, இருக்கட்டும். கையெழுத்து கட்டத்துக்குள் நிற்கவில்லை. அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றிவிடு.

அண்ணன்